உரப்பும் இரைச்சலும்: ஒரகடம் தடத்துக் கேட்போரும் வீட்டுப் பதிவின் மாஸ்டரிங்கும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் கம்ப்ரெஸர் என்று சொன்னால், காற்றை அமுக்கி ஸ்பிரே கன்னுக்கும் ஸ்பேனருக்கும் அனுப்பும் எந்திரம்தான் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். இசைப்பதிவில் அதே பெயரைத் தாங்கிய கருவி அமுக்குவது ஒலியின் ஏற்றத்தாழ்வை. பெயரால் மட்டுமே ஒன்றுபடும் இவ்விரண்டையும் இத்தடம் வேறொரு வகையிலும் இணைக்கிறது. எந்திரங்களின் இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் காதுகளே, வீடுகளில் பதிவாகி இணையத்தில் ஏறும் கானாவையும் பக்திப் பாடலையும் தனியிசையையும் கேட்கின்றன. கேட்கும் கருவியான கைப்பேசியுடன் இத்தடத்துக்குள்ள உறவும் நெருக்கமானது. 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயினும் சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஆலைகளில் கைப்பேசி உற்பத்தி தொடர்கிறது. இந்தக் கேட்புச் சூழல், பாட்டை வெளியீட்டுக்கு ஆயத்தமாக்கும் கடைசிப் படியான மாஸ்டரிங்கில் கம்ப்ரெஸருக்கு நல்ல நியாயம் தருகிறது என்பதும், அதே சூழலைக் காட்டி லிமிட்டரை இறுக்குவதற்கு நியாயமே இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம். வீட்டுப் பதிவாளர்கள் பலர் இரண்டையும் ஒரே வேலையின் இரண்டு படிகளாகக் கருதுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டின் வேலையும் வேறு. குறித்த வரம்பைத் தாண்டும் ஒலியை ஒரு விகிதப்படி தணிப்பது கம்ப்ரெஸர். விகிதம் 2:1 என்றால், வரம்புக்கு மேல் 20 டெசிபல் எழும் ஒலி 10 டெசிபலாகக் குறையும். பிறகு மொத்தத்தையும் சற்று உயர்த்தினால் மெல்லிய பகுதிகள் முன்னே வரும். லிமிட்டரோ ஒரு சுவர். அதைத் தாண்ட எந்த உச்சத்தையும் அது விடாது. வானொலி நிலையங்களிலும் பெரிய ஸ்டூடியோக்களிலும் மட்டுமே இருந்த இக்கருவிகள் 1990களில் மென்பொருளாயின. 1994இல் வந்த வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்துத் தடுக்கும் லிமிட்டரைக் கணினிக்குக் கொண்டுவந்தது. வீட்டோடு ஒட்டிய ஸ்டூடியோ என்பதும் தமிழுக்குப் புதிதல்ல, ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னை 1989இலேயே அமைத்தார். ஆனால் அங்கே எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளரின் காது கருவிக்குக் காவலாக இருந்தது. இன்று இலவச மென்பொருளிலும் லிமிட்டர் உண்டு. காவல் மட்டும் இல்லை.

இனி கேட்பவரின் பக்கம். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் இரைச்சல் 90 டெசிபல் வரை. உலக சுகாதார நிறுவனம் பாட்டுக் கேட்பதற்குச் சொல்லும் பாதுகாப்பான அளவோ வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுபவரின் காது தன் அன்றாடப் பங்கில் பெரும்பகுதியை ஏற்கெனவே செலவழித்திருக்கக்கூடும். நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்துக்குள் இரைச்சல் 70 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எனவே இசைக்கு மிஞ்சுவது இரைச்சலுக்கு மேலும் பாதுகாப்பு வரம்புக்குக் கீழும் உள்ள 10 டெசிபல் சந்து. எஞ்சினின் தாழ்ந்த ஒலி பாட்டின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் மறைப்பதில்லை என்பதால் இது தோராயக் கணக்குத்தான். ஆனால் போக்கு தெளிவு. மைக்குக்கு அருகில் நின்று பாடும் குரலில், முனகலாக வரும் வரிக்கும் உச்சத்தில் எடுக்கும் வரிக்கும் இடையே 20 டெசிபல் வேறுபாடு எளிதில் வந்துவிடும். அந்த முனகல் பேருந்தில் கேட்காது. கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டினால் அடுத்த உச்சம் காதைத் தாக்கும். விடுதியில் நிலைமை தலைகீழ். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பைப் போன்ற இடங்களில், வேறு ஷிஃப்ட் பார்த்துத் தூங்குபவரை எழுப்பாமல் குறைந்த ஒலியில் கேட்க நேர்கிறது. அப்போதும் மெல்லிய வரிதான் முதலில் மறைகிறது. இரைச்சலும் அமைதியும் எதிரெதிரானவை. இரண்டுமே வேண்டுவது அதே 2:1 அமுக்கத்தை.

இதற்கு உடனே எழும் மறுப்பு வலுவானது: கம்ப்ரெஸர் மெல்லிய குரலோடு மின்விசிறியையும் தெருவில் போகும் ஹார்னையும் தூக்கிவிடும். உண்மைதான். மாஸ்டரிங்கில் முழுப் பாட்டையும் ஒன்றாக அமுக்குபவருக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. எனவே சுமையின் பெரும்பகுதி முன்னதாகவே இறங்க வேண்டும்: பாடும்போது விசிறியை நிறுத்துவது, தடங்களைக் கலக்கும் மிக்ஸிங்கில் வரிக்கு வரி குரலின் அளவைக் கையால் ஏற்றி இறக்குவது, பிறகு குரலுக்கு மட்டும் தனி கம்ப்ரெஸர். மாஸ்டரிங்குக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று டெசிபல் தணிப்பாக இருந்தால் மறுப்பின் கூர் மழுங்கிவிடும். இன்னொரு பொறியும் உண்டு, பலர் கவனிக்காதது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலிருந்து தாழ்ந்த பேஸ் ஏறக்குறைய வருவதே இல்லை. கம்ப்ரெஸரோ பேஸையும் சேர்த்தே அளக்கிறது. ஒவ்வொரு பேஸ் அடிக்கும் அது குரலைத் தணிக்கும். அடி கேட்காது, குரல் பதுங்குவது மட்டும் கேட்கும். காரணமில்லாமல் பாடகர் மூச்சு வாங்குவது போலிருக்கும். கம்ப்ரெஸரின் அளவிடும் பகுதியில் மட்டும் தாழ்ந்த அலைவரிசைகளை வடிகட்டிவிட்டால் இது தீரும்.

லிமிட்டருக்கு வருவோம். பாட்டு உரக்க ஒலித்தால் விற்கும் என்ற நம்பிக்கையில் குறுந்தகட்டுக் காலத்தில் நடந்த போட்டி உலகறிந்தது. 2008இல் மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' தொகுப்பைவிட, ஒரு வீடியோ விளையாட்டுக்குள் வந்த அதே பாடல்கள் தெளிவாக இருப்பதாக ரசிகர்களே முறையிட்டனர். போட்டியின் அடித்தளம் அதற்கு முன்பே ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உரப்பை அளக்கும் பிஎஸ் 1770 முறையை வகுத்தது. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் இன்று அவ்வழியில் பாடல்களை, அம்முறையின் உரப்பு அலகில் ஏறத்தாழ −14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவருகின்றன. கணக்கு எளிது. லிமிட்டரால் இறுக்கி −8இல் ஏற்றிய பாட்டைத் தளம் 6 டெசிபல் இறக்கிவிடும். −14இல் ஏற்றிய பாட்டும் அதே உரப்பில்தான் ஒலிக்கும். ஆனால் முதலாவதின் உச்சங்கள் வெட்டப்பட்டவை. அந்த 6 டெசிபல் திரும்பாது. இழப்பு எங்கே விழும் என்பதற்குப் பறையே சான்று. தோலில் குச்சி படும் அந்தச் சில மில்லிநொடிகளில்தான் அடியின் உயிர் இருக்கிறது. கம்ப்ரெஸர் செயல்படத் தொடங்கும் நேரத்தை 20, 30 மில்லிநொடியாக வைத்தால் அடி தப்பிவிடும், அதன் வால் மட்டும் அமுங்கும். லிமிட்டர் பிடிப்பது அடியைத்தான். கூடு மாட்டிய விரல்களால் வாசிக்கும் தவிலுக்கும் இதே கதி. பேருந்து இரைச்சலைத் துளைத்து வரக்கூடியது இந்த அடிதான். கேட்க வேண்டுமென்று இறுக்குபவர் கேட்கக்கூடியதையே முதலில் அழிக்கிறார்.

உரப்பை இப்படிச் சமன் செய்யாத வழிகள் இருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. மெமரி கார்டில் ஏற்றிய பாட்டு, வாட்ஸாப்பில் கைமாறும் கோப்பு, பேருந்து ஓட்டுநரின் பென்டிரைவ் ஆகியவற்றில் சினிமாப் பாட்டுக்கு அடுத்து வரும் வீட்டுப் பதிவு மெலிந்தே ஒலிக்கும். யூடியூபும் உரத்ததை இறக்குமே தவிர மெல்லியதை ஏற்றாது. இதை மறுப்பதற்கில்லை, ஏற்றவே வேண்டும். ஆனால் இதிலிருந்து பிறப்பது −14க்கு வெகு கீழே போய்விடக் கூடாது என்ற கட்டுப்பாடு. −8ஐ எட்ட வேண்டும் என்ற முடிவு இதிலிருந்து வராது. ஓட்டுநர் பக்கத்திலேயே ஒலியைக் கூட்டும் திருகு இருக்கிறது, வெட்டிய அடியை ஒட்டவைக்கும் திருகு எந்த வண்டியிலும் இல்லை. லிமிட்டரை அறவே விலக்கச் சொல்வதும் என் நோக்கமல்ல. கோப்பு ஏஏசி வடிவத்துக்குச் சுருங்கும்போது உச்சங்கள் சற்று மேலேறி உடையும்; அதைத் தவிர்க்க −1 டெசிபலில் லிமிட்டரைக் காவலுக்கு நிறுத்துவது அவசியம். பாட்டு முழுவதும் ஓடவிட்டு, தணிப்பு காட்டும் முள் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணலாம். பறையின் தீர்மானங்களில் மட்டும் ஓரிரு டெசிபல் அசைந்தால் அது காவல். ஒவ்வோர் அடிக்கும் அசைந்தால் மிக்ஸிங்கில் எங்கோ குரல் தாழ்ந்து கிடக்கிறது, அதை ஈடுகட்ட மொத்த ஒலியும் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். லிமிட்டரை விட்டுவிட்டு அந்தக் குரல் தடத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.