பெட்டி திறக்காத பாவைகள்

வளர்ந்த மனிதர் பொம்மை சேர்த்தால் எங்கள் ஆட்கள் அதற்கு விசர் என்று பெயர் வைப்பார்கள். கலிபோர்னியாவின் பாலோ அல்ரோ நகரில் 1980களில் ஒரு பெண்மணி பார்பிப் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடத்தத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான பொம்மைகள் அங்கே இருந்தன. இப்போது அது இல்லை. இப்படிச் சேர்ப்பவர்கள் பிள்ளைகளல்லர், அந்தப் பொம்மையோடு வளர்ந்து நரைகண்டவர்கள். 1980இலேயே நியூயோர்க்கில் இவர்களுக்கென ஒரு தேசிய மாநாடு கூடியிருக்கிறது. இதே வளைகுடாப் பகுதியில் கோப்பை கழுவிச் சீவிக்கிற நாங்கள் இதை விசர் என்று தள்ளிவிடத் தயாரில்லை.

பார்பியின் பூர்வீகமே இடம்பெயர்ந்தவர்களின் கதைதான். அதை உருவாக்கிய ரூத் ஹான்ட்லரின் பெற்றோர் போலந்திலிருந்து வந்த யூதர்கள். ரூத்தும் கணவர் எலியட்டும் 1945இல் ஒரு நண்பரோடு சேர்ந்து மற்றெல் கொம்பனியைத் தொடங்கினார்கள். 1956இல் சுவிற்சர்லாந்து போன இடத்தில் ரூத்தின் கண்ணில் பட்டவள் லில்லி. ஜேர்மன் பத்திரிகையொன்றின் சித்திரக்கதையிலிருந்து பிறந்த, வளர்ந்தவர்களுக்கென விற்கப்பட்ட பொம்மை. அவளைக் கொண்டுவந்து, முகத்தைக் கொஞ்சம் திருத்தி, மகள் பார்பராவின் பெயரைச் சூட்டி, 1959 மார்ச் 9ஆம் திகதி நியூயோர்க் கண்காட்சியில் இறக்கினார்கள். விலை 3 டொலர். லில்லியின் உரிமையைக் காசு கொடுத்து வாங்கியது 1964இல்தான். ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு அமெரிக்காவில் இறங்கும் வித்தை எங்களில் சிலருக்கும் தெரியாததல்ல.

அதுவரை அமெரிக்கச் சிறுமிகளின் கையில் பெரும்பாலும் குழந்தைப் பொம்மைகளே இருந்தன. சிறுமி அதற்குத் தாயானாள், அவ்வளவுதான். பார்பியோ வளர்ந்த பெண். நாளைக்குத் தான் யாராக இருப்பேன் என்று சிறுமி அவளை வைத்து ஒத்திகை பார்த்தாள். அந்த நாளை வந்தபின், வந்தவிதம் எப்படியிருந்தாலும், ஒத்திகைப் பொருளின்மேல் பாசம் மிஞ்சுவதில் அதிசயமில்லை.

ஆனால் இலாபம் சட்டைகளில் இருந்தது. பொம்மையை ஒருமுறை வாங்கினால் போதும், சட்டை வாங்கி முடியாது. உடைகளை வடிவமைத்த சார்லட் ஜோன்சன் தோக்கியோவில் தங்கி நின்று வேலை வாங்கினார். யப்பானியப் பெண்கள் வீட்டிலிருந்தபடி அந்தச் சின்னஞ்சிறு சட்டைகளைத் தைத்தார்கள். பிறகு கூலி மலிந்த இடம் தேடி உற்பத்தி நகர்ந்தது. தாய்வானின் தாய்ஷான் ஊரில் 1967இல் திறந்த தொழிற்சாலை 1987இல் மூடப்பட்டது. 2004இல் அந்த ஊரில் ஒரு பொம்மை அருங்காட்சியகம் எழுந்தது. பாலோ அல்ரோவில் இருந்தது விளையாடியவர்களின் பாசம். தாய்ஷானில் இருப்பது தைத்தவர்களுடைய பாசம். எங்களுக்கு இரண்டாவது கிட்டவாகப் படுகிறது.

சேகரிப்போரின் சந்தையில் பெட்டி திறக்காத பொம்மைக்கே மதிப்பு. விளையாடப்படாத பொம்மைதான் உயர்ந்தது என்பது விசித்திரமான கணக்கு. கொம்பனியும் இதை விளங்கிக்கொண்டது. 1994இல், முப்பத்தைந்தாம் ஆண்டென்று, 1959ஆம் ஆண்டுப் பொம்மையின் நகலைச் செய்து, தொலைத்தவர்களுக்கே திரும்ப விற்றது.

எங்கள் பாவைப்பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கியவை. தையற்காரர் எறிந்த வெட்டுத்துண்டுதான் அவற்றின் சட்டை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது காணி உறுதி, பிறப்பத்தாட்சி, அரிசி என்று சனம் காவியது. பாவைப்பிள்ளையைக் காவ யாருக்குக் கை இருந்தது? சேகரிப்பதற்கு முதலில் விட்டுப்போகாத வீடொன்று வேண்டும்.

எங்களோடு சமையற்கட்டில் நிற்கிற அக்கா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பழையசாமான் சந்தையில் பார்பி வாங்குவார். பெட்டி இல்லாதது, உடுப்பில்லாதது, தலைமயிர் சிக்குப்பட்டது, ஒரு டொலருக்கு. பழைய சாறித்துண்டில் அவற்றுக்குப் பாவாடை தைக்கிறார். இதுவரை எட்டு. சேகரிப்போர் கணக்கில் எட்டும் சேர்ந்து பத்து டொலர் பெறாது. ஒன்றை மகளுக்குத் தரும்படி ஒருவர் கேட்டதற்கு, கடையில் புதிதாய் வாங்கிக் கொடுங்கோ என்று சொல்லிவிட்டார்.