பூனைகளில் காக்கைவலிப்பு: நெடுங்காலப் பராமரிப்பு

சார்செலில் எங்கள் வீட்டுப் பூனைக்கு மூன்று ஆண்டுகளாகக் காலையும் மாலையும் வலிப்பு மாத்திரை கொடுத்து வருகிறோம். இந்நோயுடன் பூனைகள் பல்லாண்டுகள் நலமாக வாழ முடியும் என்பதைத் தெரிவிக்கவே இக்குறிப்பு.

மூளை நரம்பணுக்களின் கட்டுக்கடங்காத மின்கிளர்ச்சியே வலிப்பு. விழுந்து கால்களை உதைப்பது மட்டுமல்ல. முகத்துடிப்பு, எச்சில் வடிதல், வெறித்த ஓட்டம் ஆகவும் அது பூனைகளில் தோன்றும்.

காரணங்கள்: மூளைக்கட்டி, தொற்று, ஈரல் கோளாறு, உயர் இரத்த அழுத்தம் முதலியன. நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த தெள்ளுமருந்து பூனைக்கு நஞ்சு. அதுவும் வலிப்பை உண்டாக்கும். முதிய பூனைகள் சிலவற்றுக்குக் கரண்டி தட்டில் படும் ஓசையே போதும்.

மருந்துகள்: 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மான் மனிதரின் வலிப்புக்குப் பயன்படக் கண்ட பினோபார்பிட்டாலே இன்றும் பூனைகளுக்கு முதல் தெரிவு. வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 1.5 முதல் 3 மி.கி., நாளுக்கு இருமுறை. இரண்டு மூன்று வாரங்களில் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து மருத்துவர் அதைத் திருத்துவார். தொடக்கத்தில் தூக்கமும் தள்ளாட்டமும் மிகுபசியும் இருக்கும். ஓசையால் வரும் வலிப்புக்கு லெவெட்டிரசெட்டாம் கூடுதலாகப் பயன் தருகிறது. ஆனால் பொதுவாக எட்டு மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். நாய்களுக்குத் தரும் பொட்டாசியம் புரோமைட் பூனைகளில் ஆஸ்துமா போன்ற நோயை உண்டாக்கலாம். அன்றாடம் வாய்வழி கொடுக்கும் டயசிப்பாம் அரிதாக ஈரலையே அழித்துவிடும்.

வீட்டில்: ஒவ்வொரு வலிப்பின் நாளையும் நேரத்தையும் நீளத்தையும் குறித்து வையுங்கள். வலிப்பின்போது வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வந்தாலோ உடனே மருத்துவமனைதான். பாரிஸ் பகுதியில் அல்ஃபோர் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. கிளோத் பூர்ஜெலா 1765இல் அக்கல்லூரியை முதலில் தொடங்கியது, நாம் இன்று கறிவேப்பிலை வாங்கப் போகும் லாச்சப்பலில்தான். மறு ஆண்டே அது அல்ஃபோருக்குப் பெயர்ந்தது.

மருந்தைத் திடீரென நிறுத்துவதே பெரும் ஆபத்து. கடும் வலிப்பு தொடர்ந்து வரக்கூடும். கோடை விடுமுறைக்கு ஊர் போகும் நம்மவர்க்கு இதுவே சோதனை. விமானச்சீட்டு எடுக்குமுன், இருவேளையும் மாத்திரை ஊட்டக்கூடிய ஒருவரைத் தேடிப் பழக்குங்கள். மருந்துச் சீட்டையும் புதுப்பித்துக் கொள்ளுங்கள்.

வலிப்பு அறவே நிற்காமலும் போகலாம். அது அரிதாகி, குறுகி, பூனை வழக்கம்போல் சன்னலோரம் வெயில் காய்ந்தால், சிகிச்சை வென்றது என்றே கொள்ளலாம்.