பாராசாரிக்குச் சேணம் தைத்தவர் யார்?

செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலை ஒட்டிய குதிரை லாயங்களைப் பார்க்கிறவர்கள் குதிரையைப் பற்றித்தான் பேசுவார்கள். எங்கள் அவலூர்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்களும் அப்படித்தான். கதைப்பாடலில், செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் குதிரைக்குப் பாராசாரி என்று பெயர். நண்பன் மகபத்கானின் குதிரை நீலவேணி. 1714 அக்டோபர் 3-ஆம் தேதி ஆற்காட்டு நவாப் சாததுல்லா கானின் படையோடு மோதி தேசிங்கு மடிந்தான். குதிரைக்குப் பெயரும் பாட்டும் மிஞ்சின. சேணம் தைத்தவர் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. அதற்கு முன்பே, மராட்டிய மன்னன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை வளைத்து நின்றானே, அந்த எட்டு வருஷத்தில் இரண்டு பக்கத்திலும் எத்தனை வார் அறுந்திருக்கும்! யாராவது உட்கார்ந்து தைத்திருக்கத்தானே வேண்டும்?

நான் தோல் வேலைக்குப் புதுசு. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவருக்குத் தலைவார் தைக்கும்போதுதான் இந்த நினைப்பு வந்தது. வெட்டுவதும் குத்தூசியால் துளை போட்டுத் தைப்பதும் சீக்கிரம் கைவந்துவிடும். ஓரம்தான் ஆளைச் சோதிக்கும். வெட்டிய ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும். குதிரையின் வியர்வை அதன் வழியே இறங்கி, உப்பு ஏறி, வார் விறைத்து வெடிக்கும். அதற்கு முன்பே கூரான விளிம்பு காதுக்குப் பின்னால் உரசிப் புண்ணாக்கிவிடும். அதனால் இரு பக்கக் கூர்விளிம்பையும் சீவி, உப்புத்தாள் போட்டு, தண்ணீர் தொட்டு, வழவழப்பான கட்டையால் சூடேறத் தேய்க்க வேண்டும். நார் படிந்து ஒட்டி, ஓரம் கருத்து மினுங்கும். கடைசியில் தேன்மெழுகு. அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை இது.

ஆனால் எல்லாத் தோலும் இதற்குப் பணியாது. குரோம் உப்பில் பதனிட்ட தோலைத் தேய்த்தால் பஞ்சாக எழும்பும். ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காய் கண்ட தோல்தான் வேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி உலகம் சுற்றியது அந்தத் தோல்தான். இங்கே குரோம் முறையை 1903 வாக்கில் சோதித்துப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். பிறகு பல்லாவரம் பக்கம் எழுந்த ஆலையால் குரோம்பேட்டை என்று ஓர் ஊரே உண்டானது. இதில் ஒரு வேடிக்கை: தேசிங்கோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக நவாப் அமைத்தது என்று சொல்லப்படுகிற ராணிப்பேட்டை, இன்று தோல் பதனிடும் ஊர். அங்கேயும் குரோம்தான் அதிகம். அதன் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை ஊரறிந்தது.

லாயம் காலியான பிறகும் கிராமத்துத் தோல் தொழிலாளியின் கைக்கு வேலை இருந்தது. கிணற்றில் இறங்கித் தண்ணீர் இறைத்த கவலைக்குத் தோல் வால், மாட்டுக்குச் சலங்கை வார், ஆளுக்குச் செருப்பு. பம்புசெட் வந்ததும் கவலை போயிற்று. டிராக்டர் வந்ததும் வார் போயிற்று. சாதியைச் சொல்லி ஒதுக்கிவைத்த ஊர், அந்தக் கைப்பக்குவத்தை எழுதிவைக்கவும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கவலைத் தோலோ சலங்கை வாரோ கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் அதைத் தைத்த பெரியவர் யாராவது இருந்தால், ஓரத்தை எதைக் கொண்டு தேய்த்தார் என்று கேட்டு எழுதிவையுங்கள்.