கு. ப. ரா.வின் ‘ஆற்றாமை’

பிரிவும் ஆற்றாமையும் தமிழ் இலக்கியத்துக்குப் பழைய பொருள். சங்க அகப்பாடல்கள் அத்துயரைப் பெருமைக்குரியதாகவே கண்டன. அத்துயர் மனத்தைச் சிறுமைப்படுத்தவும் கூடும் என்பதைச் சிறுகதையில் காட்டியவர் கு. ப. ராஜகோபாலன்.

கும்பகோணத்தில் 1902-இல் பிறந்து 1944-இல் மறைந்த அவருக்கு ‘மணிக்கொடி’ நல்ல களமாயிற்று. 1933-இல் தோன்றிய அவ்விதழ், 1935-இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே அமைந்தது.

அவருடைய ‘ஆற்றாமை’ என்னும் கதையை நோக்குவோம். கணவனைப் பிரிந்து வாழ்கிறாள் ஓர் இளம்பெண். அவளுக்கு அண்டையில் இன்புற்றிருக்கும் இளந்தம்பதியர். இரவில் அவர்களைத் தேடி ஒருவர் வருகிறார். நாளை வரும்படி சொல்லியிருக்கலாம். அவளோ அவர்களுடைய தனிமை கலையும்படி செய்துவிடுகிறாள். செய்தபின் மகிழ்ச்சியில்லை, அழுகையே மிஞ்சுகிறது.

ஆசிரியர் அவளைக் கண்டிக்கவுமில்லை, அவளுக்காக வாதாடவுமில்லை. தீச்செயலுக்கு அடியில் கிடக்கும் ஏக்கத்தை மட்டும் நமக்குக் காட்டி விலகிவிடுகிறார்.

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்முள், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர் பலர். ‘இங்கு யாவரும் நலம்’ என்று ஊரிலிருந்து வரும் சொல்லில் சொல்லாமல் விடப்பட்டது எவ்வளவு என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது. அதனாலேயே இதனை நாம் மீண்டும் படித்தல் வேண்டும்.