கையெழுத்திட்ட கைகள்



உயர்தர வகுப்பில் ஒருநாள் பாடத்தை விட்டுப் பேச்சு ருஷ்ய நாவல்களின் பக்கம் திரும்பியது. ஸ்டாலின் காலத்துக் கொலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அவ்வளவு சனத்தையும் கொல்லுறதுக்கு அவ்வளவு கெட்ட ஆக்கள் எங்கையிருந்து வந்தவை?" என்று கேட்டாள். அன்று நான் தக்க விடை கூறவில்லை. இன்று கூற முயல்கின்றேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். 'குலாக்' என்ற ருஷ்யச் சொல்லுக்கு இறுக மூடிய கைமுட்டி என்று பொருள். ஊரைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் பணக்கார விவசாயியைக் கிராமத்தார் அவ்வாறு அழைத்தனர். 1929 இன் இறுதியில், குலாக்குகளை ஒரு வர்க்கமாகவே ஒழிக்கப்போவதாக ஸ்டாலின் அறிவித்தார். அதன்பின் இரண்டு மாடு வைத்திருந்தவனும் குலாக் ஆனான். மாடே இல்லாத ஏழை எதிர்த்துப் பேசினால், அவன் குலாக்கின் கையாள் ஆனான். 1930, 1931 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தொலைதூரப் பிரதேசங்களுக்குக் கடத்தப்பட்டோர் சுமார் 18 இலட்சம் பேர். அவர்களை வீட்டைவிட்டு இறக்கியவர்களுள் அயலவர்களும் இருந்தனர்.

வசீலி குரோஸ்மன் தம் இறுதிக் காலத்தில் எழுதிய 'எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற நாவலில் அன்னா என்றொரு பெண் வருகிறாள். உக்ரேனில் அந்த வேலைக்குத் துணைபோனவள். அவள் கொடியவள் அல்லள், இரக்கமுள்ளவள். 'இவர்கள் மனிதர்களல்லர், குலாக்குகள்' என்று நம்பியதாலேயே தன்னால் அதனைச் செய்ய முடிந்தது என்று ஓரிரவு ஒப்புக்கொள்கிறாள். 1932-33 பஞ்சத்தில் கிராமங்கள் மடிந்த கதையையும் அவளே சொல்கிறாள்.

நிக்கிட்டா மிக்கல்கோவின் 'சூரியனால் சுடப்பட்டவர்கள்' (1994) ஒஸ்கார் விருது பெற்ற திரைப்படம். கதை 1936 இன் ஒரு கோடை நாளில் நிகழ்கிறது. வீட்டாரின் பழைய நண்பன் மித்யா வருகிறான், பியானோ வாசிக்கிறான், சிறுமி நாதியாவுக்குக் கதை சொல்கிறான். அவளுடைய தந்தை கொத்தோவைக் கைதுசெய்யவே அவன் வந்திருக்கிறான் என்பது பின்னர்தான் நமக்குத் தெரிகிறது.

மறு ஆண்டு, 1937 யூலை 30 இல், 00447 ஆம் இலக்கக் கட்டளை பிறந்தது. எந்தப் பிரதேசத்தில் எத்தனை பேரைச் சுடுவது, எத்தனை பேரை முகாமுக்கு அனுப்புவது என்று தொகை வகுத்த கட்டளை அது. பிரதேச அதிகாரிகள் தொகையைக் கூட்டித் தருமாறு விண்ணப்பித்தனர். 1937, 1938 ஆம் ஆண்டுகளில் அரசியல் குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்றோர் 681,692 பேர் என்று சோவியத் ஆவணங்கள் கூறுகின்றன.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. 1953 இன் தொடக்கத்தில், பெரும்பாலும் யூதரான மருத்துவர்கள் மீது பொய்ச் சதி வழக்கொன்று சோடிக்கப்பட்டது. அவர்களைக் கண்டிக்கும் கடிதத்தில் குரோஸ்மனும் கையெழுத்திட்டார். நாஜிகளிடம் தாயைப் பறிகொடுத்த யூதர் அவர். மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார்; மருத்துவர்கள் விடுதலையாயினர்; கடிதம் வெளிவரவில்லை. கையெழுத்து மட்டும் அவரை விடவில்லை. 'வாழ்வும் விதியும்' நாவலின் விக்தர் ஸ்ட்ரூம் அதே தவற்றைச் செய்கிறான். அந்தக் கைப்பிரதியை 1961 இல் கே.ஜி.பி. எடுத்துச் சென்றது. 1964 இல், நூலை அச்சில் காணாமலே அவர் இறந்தார். பிறரை விசாரிக்குமுன் தம்மையே விசாரித்த எழுத்து அது.

சில ஆண்டுகளுக்கு முன், சக ஆசிரியர் ஒருவருக்கு எதிரான மனுவொன்று எங்கள் ஓய்வறையில் சுற்றி வந்தது. எனக்கு முன் பலர் ஒப்பமிட்டிருந்தனர். நானும் வாசியாமலே பேனையை வாங்கி இட்டேன். அவருக்கு இடமாற்றம் வந்தது. மனுவில் இருந்தது உண்மைதானா என்று இன்றுவரை நான் கேட்டறியவில்லை. ருஷ்யாவின் துயரத்தோடு இதனை ஒப்பிட நான் துணியேன். ஆயினும் அந்த மாணவிக்கு என் விடை இதுதான்: "பிள்ளை, அவை வேறெங்கையிருந்தும் வரேல்லை. அங்கையே இருந்த ஆக்கள்தான்."

அடுத்த வகுப்பில் இதைச் சொல்லும்போது, அந்த மனுவின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.