பெங்களூரில் வெளியான ஐந்து பக்கங்கள்

வகுப்பில் இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்து ஒளியை மறைத்துக் காட்டுவேன். நடுவில் மூன்றாவதைச் சாய்வாகச் செருகினால் வெளிச்சம் திரும்ப வரும்! பிள்ளைகள் வாய் பிளக்கும் அந்த நொடியில்தான் ஸ்டீபன் வீஸ்னரின் கதையைத் தொடங்குவேன்.

1960களின் கடைசியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கள்ளநோட்டே அடிக்க முடியாத பணத்தை அவர் யோசித்தார். நோட்டுக்குள், போலராய்டு வழியே வந்த ஒளிபோல வெவ்வேறு திசைகளில் அதிரும் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், சிறைப்பட்டிருக்கும். எந்தத் திசையில் அளப்பது என்று தெரியாமல் அளந்தால் அவற்றின் நிலை கலைந்துவிடும்; அதனால் நகலெடுக்க முடியாது. இதை விளக்கி அவர் அனுப்பிய கட்டுரையை இதழ் ஏற்கவில்லை. 1983இல்தான் அச்சேறியது. அத்தனை ஆண்டுகள் அது கிடப்பில் கிடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

வீஸ்னரின் நண்பர் சார்லஸ் பென்னெட் அந்த யோசனையை மறக்கவில்லை. ஜில் பிராசாருடன் சேர்ந்து, பணத்தை விட்டுவிட்டு, ரகசியச் சாவியை ஃபோட்டான்களில் அனுப்பும் வழியைக் கண்டார். 1984 டிசம்பரில் பெங்களூர் மாநாட்டில் வெளியான அந்த ஐந்து பக்கங்களைத்தான் உலகம் பிபி84 என்கிறது. பெங்களூர் என்று சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும்.

1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இந்த முறையின் முதல் கருவி ஓடியது. மங்கலான பச்சை ஒளித்துடிப்புகள் காற்றில் கடந்த தூரம் சுமார் 32 சென்டிமீட்டர். என் மேசையில் கிடக்கும் ஸ்கேலைவிடச் சற்றே நீளம்.