கரைக்கு மண் சுமந்தவர்கள்

குடிமராமத்து என்றதும், ஊரே ஒன்றுகூடி ஏரியைத் தூர்வாரிய பொற்காலம் என்று எழுதுகிறார்கள். கூடியது யார் என்றுதான் நாங்கள் கேட்கிறோம். 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால், உழைக்கும் வர்க்கத்து ஆண்களைக் கட்டாயப்படுத்தி வேலைக்கு இழுக்கலாம் என்றது அது. (ஊர் ஒற்றுமைக்குச் சட்டம் எதற்கு?) அப்படி மண் சுமந்த பலருக்கு அந்த ஏரி பாயும் வயலில் ஒரு குழி நிலமும் இல்லை. மடை திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளும் பல ஊர்களில் நம் மக்களே. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போட்ட நெல்.

2017-இல் அதே பெயரில் தமிழக அரசு திட்டம் தொடங்கி, முதற்கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணிகளை ஆயக்கட்டுதாரர்களிடம் கொடுத்தது. செலவில் 10 விழுக்காடு அவர்கள் பங்கு. பாசன நிலம் உள்ளவர்தான் ஆயக்கட்டுதாரர். சேரியில் எத்தனை பேரிடம் நஞ்சைப் பட்டா இருக்கிறது, தோழர்களே? பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

ஏரிகளை மீட்க இனி எந்த நிதி வந்தாலும், நிலமற்றவர்களுக்குச் சங்கத்தில் வாக்குரிமை வேண்டும். மீன் குத்தகையில் பங்கு வேண்டும். நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் வேண்டும். அடுத்த கிராம சபையில் உங்கள் ஏரியின் திட்ட மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். சங்க உறுப்பினர் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.